யாருக்குப் பத்திரம்?

கதவில் யாரோ ஒட்டிவிட்டுப் போன காகிதத்தைப் படித்துச் சொல்லத்தான் ஆயா ஆள் அனுப்பியது. ஆயா என்றால் என்னைப் பெற்றவளின் தாய் இல்லை. குமாரபாளையத்தில் நான் பிறந்த காலனியின் தெருக்கோடிக் கிழவி. என் வயசுப் பையன்கள் அத்தனை பேருக்கும் அது ஆயாதான். வெகுநாள் தறிப்பட்டறையில் தார் சுற்றிய கை.

"ஏஞ்சாமி, பேண்டு போட்ட ரெண்டு பேரு வந்து பசை தடவி ஒட்டிப்போட்டு, அதைப் போட்டோ வேற புடிச்சுக்கிட்டுப் போறாங்க. ஓட்டு லிஸ்ட்டா, வீட்டு வரியா, என்னன்னு பாரு."

ஓட்டு லிஸ்ட் இல்லை. வாங்கிய கடனைக் கட்டாததால் இந்த வீட்டை வங்கி சுவாதீனம் எடுத்துக்கொண்டது என்கிற அறிவிப்பு. கடன்காரர் என்று போட்டிருந்த பெயர் ஆயாவுக்குத் தெரியாத பெயர். அடியில் இருந்த வங்கிக் கிளையின் பெயர் எனக்கு நன்றாகத் தெரிந்த பெயர். நான் சம்பளம் வாங்கும் கிளை.

மறுநாள் அந்தக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்துரை, மதிப்பீட்டாளர் அறிக்கை. எல்லாம் வரிசையாக இருந்தன. எல்லாம் இருக்கிறது என்று முதல் பக்கத்தில் டிக் அடித்திருந்தது என் பேனா. மதிப்பீட்டாளர் அறிக்கையில் ஒரு போட்டோ. ஓட்டு வீடு, நீலம் அடித்த கதவு, வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிற ஒரு கிழவி. போட்டோவுக்குக் கீழே "சொத்து யார் வசம் உள்ளது?" என்கிற கேள்விக்குப் பதில்: "உரிமையாளர் வசம்". உரிமையாளர் என்று எழுதியிருந்தது கடன் வாங்கியவனை. போட்டோவில் ஆயா இருந்தது. படிவத்தில் ஆயா இல்லை. நானும் பார்க்கவில்லை. பட்டியலைப் பார்த்து டிக் அடிக்கப் பழகியவனுக்கு முகம் கண்ணில் படுவதில்லை.

கவிதை எழுதுகிறவன் என்று என்னை மேடையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். விளிம்பு, குரல், அடையாளம் என்றெல்லாம் பேசியிருக்கிறேன். அந்த டிக்கைவிடப் பெரிய பொய்யை என் வாழ்நாளில் எழுதியதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நடந்தது என்ன? ஆயாவின் புருஷனுக்கு ஆபரேஷன். கையில் காசில்லை. ஆயாவின் மகன் தறியோட்டும் பட்டறையில் ஏற்கனவே வாங்கிய முன்பணம் தீரவில்லை. விசைத்தறி ஊர்களில் முன்பணம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கூலிக்கு வரும் முன்பே கொடுக்கிற பணம். ஆளையும் குடும்பத்தையும் பட்டறையோடு சேர்த்துக் கட்டிப்போடுகிற கயிறு. அந்தக் கயிறு ஏற்கனவே கழுத்தில் இருந்ததால் ஆயா வேறொரு பைனான்ஸ்காரனிடம் 40 ஆயிரம் கேட்டது. "ஈட்டுக்கு என்ன இருக்குது?" என்றான். அரசாங்கம் காலனிக்குக் கொடுத்த 3 சென்ட் மனைப் பட்டா இருந்தது. கொடுத்தது. "ஆபீசுல வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிரு" என்றான். போட்டோ பிடித்தார்கள். விரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தது.

ஆயா வைத்தது அடமானம் என்று ஆயா நினைத்தது. காகிதத்தில் இருந்தது பொது அதிகாரப் பத்திரம். பவர். அடுத்த மாசமே அந்தப் பவரைக் காட்டித் தன் மச்சினன் பேருக்கு அவன் கிரயம் செய்து கொடுத்தான். மச்சினன் பட்டாவை மாற்றினான். எங்கள் கிளையில் 12 லட்சம் கடன் வாங்கினான். கொஞ்ச நாள் கட்டினான், நிறுத்தினான். இடையில் ஆயா வாங்கிய 40 ஆயிரத்துக்கு வட்டி மட்டும் மாசாமாசம் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தது. சொந்த வீட்டை விற்றவனுக்கே வட்டி கட்டிய கதை!

இதில் கள்ளக் கையெழுத்து இல்லை. போலி முத்திரை இல்லை. சினிமாவில் வருகிற மாதிரி செத்தவனை உயிரோடு காட்டிய ஆள்மாறாட்டமும் இல்லை. ஒவ்வொரு தாளும் அசல். மொத்தமும் மோசடி. படித்தவர்களுக்கு இது புரிய வேண்டும் தோழர்களே. "பத்திரத்தைப் பத்திரமாய் வையுங்கள், வில்லங்கம் போட்டுப் பாருங்கள்" என்று பத்திரிகைகளில் வருகிற அறிவுரை எல்லாம் பத்திரத்தைப் படிக்கத் தெரிந்தவனுக்கு. அடுப்புக்கு மேலே பரணில் மஞ்சள் பைக்குள் பட்டாவை வைத்திருக்கிற ஆயா அதைப் பத்திரமாய்த்தான் வைத்திருந்தது. அவசரத்துக்கு எடுத்துக் கொடுக்கிற வரைக்கும்.

பதிவு ஆபீசில் முத்திரை விழுந்துவிட்டால் சொத்து அவனுடையது என்று நம் ஜனங்கள் பயப்படுகிறார்கள். உண்மை வேறு. பதிவு என்பது ஒருவன் ஒரு தாளை எழுதிக் கொடுத்தான் என்பதற்கான சாட்சி. எழுதிக் கொடுத்தவனுக்கு அந்த இடம் சொந்தமா என்று சார்பதிவாளர் விசாரிப்பதில்லை. விசாரிக்க அவருக்கு அதிகாரமும் இல்லை. மூலப் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவோம் என்று தமிழ்நாடு அரசு 2022-ல் 55-ஏ என்று ஒரு விதி கொண்டுவந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. உரிமை உண்டா இல்லையா என்று பார்ப்பது பதிவு அதிகாரியின் வேலை இல்லை என்றது. அதே 2022-ல் மோசடிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று 77-ஏ என்று ஒரு பிரிவும் வந்தது. பல ஏழைகள் அதை நம்பி மனுப் போட்டார்கள். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதையும் அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தள்ளியது. சிவில் கோர்ட் செய்கிற வேலையை அதிகாரி செய்யக் கூடாது என்பது காரணம். சட்டத்தின் கண்ணில் அது நியாயமாகக்கூட இருக்கலாம். ஆயாவின் கண்ணில்? பதியும்போது கேட்க ஆளில்லை. பதிந்த பிறகு ரத்து செய்ய ஆளில்லை. கோர்ட்டுக்குப் போ. சொத்து மதிப்புக்கு ஏற்பக் கட்டணம் கட்டு. வக்கீல் வை. வாய்தா வாய்தாவாய் நட. உயிரோடிருந்தால் தீர்ப்பு.

பவர் பத்திரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பவர் கொடுப்பது விற்பது ஆகாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாய்ச் சொல்லிவிட்டது. அதனால் மோசடிக்காரன் பவரோடு நிற்பதில்லை. அதை ஏணியாக்கி ஏறிக் கிரயம் செய்துவிட்டு ஏணியை எட்டி உதைக்கிறான்.

இது நமக்குப் புதுசா? நம் நிலம் போனதெல்லாம் கத்தி காட்டியா போனது? 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமன்ஹீர் ஓர் அறிக்கை கொடுத்தார். நிலமில்லாததால்தான் இந்த மக்கள் அடிமைகளாய்க் கிடக்கிறார்கள் என்றார். 1892-ல் வெள்ளைக்கார அரசு ஆணை போட்டது. பஞ்சமி நிலம் பிறந்தது. 10 வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு மட்டும்தான் கைமாற்றலாம் என்று நிபந்தனை. இவ்வளவு பூட்டுப் போட்ட நிலம் எப்படிப் போனது? கடனுக்கு ஈடாய்ப் போனது. வெற்றுத் தாளில் வைத்த கைநாட்டாய்ப் போனது. குத்தகை என்று சொல்லி வாங்கிய கிரயமாய்ப் போனது. மிச்சத்தைக் கணக்குப்பிள்ளையின் பேனா பார்த்துக்கொண்டது. 1979-க்குப் பிறகு யு.டி.ஆர். என்று நில ஆவணங்களைத் திருத்தி எழுதியபோது பல கிராமங்களில் பஞ்சமி என்கிற குறிப்பே பதிவேட்டிலிருந்து காணாமல் போனது என்று நம் இயக்கங்கள் வருஷக்கணக்காய்க் கத்திக்கொண்டிருக்கின்றன. கொடுத்தது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லிவருகிறோம். இன்று நம் கையில் இருப்பதை எண்ண ஒரு கை விரல் போதும் என்று மேடையில் கோபமாய்ச் சொல்கிறோம். கேட்டதற்கு என்ன கிடைத்தது? 1994 அக்டோபர் 10. காரணை. செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கி. ஜான் தாமஸ், ஏழுமலை என்று இரண்டு உயிர்.

ஆயாவின் 3 சென்ட் பஞ்சமி நிலம் இல்லை. காலனியில் கொடுத்த வீட்டுமனை. ஆனால் களவு போகிற வழி ஒன்றுதான். நூறு வருஷத்துக்கு முன்னால் காடு போன அதே பாதையில் இன்று வீடு போகிறது. அன்று குக்கிராமத்தில் ஏக்கர் கணக்கில். இன்று நாலுவழிச் சாலை ஓரத்தில் சென்ட் கணக்கில். சேலம் கோயம்புத்தூர் சாலை அகலமானதும், கல்லூரிகள் முளைத்ததும், தீண்டத்தகாதவன் என்று ஊருக்கு வெளியே தள்ளி வைத்த இடமெல்லாம் விலை ஏறிவிட்டது. ஆளைத் தொட மாட்டான். அவன் மனையைத் தொடுவதற்குத் தீட்டு இல்லை.

காலனிப் பட்டாவிலும் நிபந்தனை உண்டு. இத்தனை வருஷத்துக்கு விற்கக் கூடாது, இன்னாருக்கு விற்கக் கூடாது என்று பட்டாவிலேயே அச்சடித்திருக்கும். எங்கள் வங்கிக்கு வக்கீல் கொடுத்த கருத்துரையில் அந்த நிபந்தனையைப் பற்றி ஒரு வரி இல்லை. பட்டாவின் முன்பக்கம் மட்டும் ஜெராக்ஸ் எடுத்திருந்தார்கள்.

சரி, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். நானும் ஆயாவும் காலனிப் பையன்கள் நாலு பேரும். பேப்பரைப் புரட்டிப் பார்த்துவிட்டு அங்கிருந்தவர் சொன்னார்: "இது சிவில் மேட்டருங்க. கோர்ட்டுல பாத்துக்கங்க." மனு ரசீது மட்டும் கொடுத்தார்கள்.

சிவில் மேட்டர்! இந்த ரெண்டு வார்த்தையில் எத்தனை காலனி கரைந்து போயிருக்கிறது. சண்டைக்கே வரலாம் வாருங்கள், சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டே வரலாம். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 2015-ல் திருத்தி 2016 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கிற வடிவம். பிரிவு 3(1)(எஃப்): பட்டியல் சாதியாரின் சொந்த நிலத்தை, அவர் அனுபவத்திலுள்ள நிலத்தை, அவருக்கு ஒதுக்கிய நிலத்தைத் தவறான வழியில் பிடித்துக்கொள்வதும் தன் பேருக்கு மாற்றிக்கொள்வதும் குற்றம். பிரிவு 3(1)(ஜி): நிலத்தை விட்டு மட்டுமல்ல, குடியிருக்கிற இடத்தை விட்டு வெளியேற்றுவதும் குற்றம். தவறான வழி என்றால் என்ன என்று விளக்கமும் அங்கேயே இருக்கிறது. விருப்பத்துக்கு மாறாக, சம்மதமில்லாமல், பயமுறுத்திச் சம்மதம் வாங்கி, அல்லது அந்த நிலத்தின் ஆவணங்களைப் புனைந்து. ஆவணம் புனைவதை வன்கொடுமை என்று நாடாளுமன்றம் எழுதி வைத்திருக்கிறது. ஸ்டேஷனில் அதை சிவில் மேட்டர் என்கிறார்கள். யார் எழுதியது செல்லும்?

இன்னும் இருக்கிறது. 2018 திருத்தத்தின் 18-ஏ பிரிவு, வழக்குப் பதிய முதல்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது. விசாரிக்க வேண்டியது டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி. 2016-ல் திருத்திய விதிகளின்படி பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணத் தொகை உண்டு. பறித்த நிலத்தையும் வீட்டையும் தேவைப்பட்டால் அரசுச் செலவில் மீட்டுத் தர வேண்டும். ஆனால் தெருவில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் மட்டும்தான் வன்கொடுமை என்று போலீஸ் நினைக்கிறது. நாமும் அப்படியே பழகிவிட்டோம். திட்டினால் கூட்டம் சேர்கிறோம். வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டால் "அது அவங்க குடும்பப் பிரச்சினை" என்று போய்விடுகிறோம். "சார்" என்று மரியாதையாய்க் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, பேனாவைத் திறந்து கையில் கொடுத்துச் செய்கிற வன்கொடுமைக்கு நம்மிடம் கோஷம் இல்லை.

என் வங்கியும் சாதி பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொள்ளும். பார்க்க வேண்டிய இடத்தில் பார்க்காமலிருப்பதும் சாதிதான். கடன் கொடுக்கும் முன்னால் அந்த வீட்டுக் கதவைத் தட்டி, "யாரம்மா குடியிருக்கிறீங்க, எத்தனை வருஷமா?" என்று கேட்டிருந்தால் முடிந்தது கதை. அக்கிரகாரத்து வீடாயிருந்தால், கடைவீதிப் பங்களாவாயிருந்தால் கேட்டிருப்பார்கள். காலனி வீட்டு வாசலில் கிழவி உட்கார்ந்திருந்தால் அது வாடகைக்கு இருப்பதோ வேலைக்காரியோ என்று கேமராவே முடிவு செய்துவிடுகிறது. ஆனால் கடன் வசூலுக்கு மட்டும் 2002-ல் வந்த சர்பேசி சட்டம் இருக்கிறது. கோர்ட்டுக்குப் போகாமலே 60 நாள் நோட்டீஸ், அப்புறம் சுவாதீனம். வங்கி வீட்டை எடுக்கக் கோர்ட் வேண்டாம். ஆயா வீட்டைத் திருப்பி வாங்கக் கோர்ட் வேண்டும். நோட்டீஸெல்லாம் கடன் வாங்கியவன் விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆயாவுக்கு வந்தது பசை மட்டும்.

இதை எழுதி மேலாளருக்குக் கொடுத்தேன். குடியிருப்பவரை விசாரிக்காமல் இந்தக் கடன் கொடுத்திருக்கிறோம், நானும் அதில் டிக் அடித்திருக்கிறேன் என்று. பதிலுக்கு ஒரு மெமோ வந்தது. வாடிக்கையாளர் கோப்பை வெளியாருக்குச் சொன்னது ஏன் என்று. வெளியாள் யார்? வீட்டுக்காரி! இந்தக் கட்டுரை அச்சானதும் இன்னொரு மெமோ வரலாம். வரட்டும்.

உலகத்தில் நாம் மட்டும் இல்லை. நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியில் கறுப்பின மக்கள் தலைமுறையாய் வாழ்ந்த வீடுகளுக்கு விலை ஏறியதும் அங்கேயும் இதே ஆட்டம் தொடங்கியது. வரி பாக்கிக்கு உதவுகிறேன், கடனை மாற்றித் தருகிறேன் என்று வயசான பெண்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். வாங்கியது வீட்டின் பத்திரம். அங்கேயும் வெகுநாள் "சிவில் விவகாரம்" என்றுதான் போலீஸ் கைவிரித்தது. அந்த மக்கள் விடவில்லை. 2024-ல் நியூயார்க் மாநிலம் பத்திரத் திருட்டைக் கிரிமினல் குற்றமாக்கிச் சட்டம் கொண்டுவந்தது. அவர்கள் போராடிச் சட்டம் வாங்கினார்கள். நம்மிடம் சட்டம் இருக்கிறது. போராட்டம்தான் பாக்கி.

நம்மைப் பற்றியும் பேச வேண்டும். ஆயாவைப் பைனான்ஸ்காரனிடம் கூட்டிப்போன புரோக்கர் யார்? எங்கள் தெருப் பையன்தான். வண்டியில் அண்ணல் படம் ஒட்டியிருக்கிறான். கமிஷன் 5 ஆயிரம். வன்கொடுமைச் சட்டம் அவனைத் தொடாது, அவனும் நம் சாதி. சட்டம் தொடாத இடத்தில் இயக்கம் தொட வேண்டாமா? அடுத்த ஆள் நான். வேலை கிடைத்ததும் காலனியை விட்டுப் பைபாஸ் பக்கம் வாடகைக்குப் போனவன். காலனியிலேயே இருந்திருந்தால் ஆயா அந்தத் தாளை என்னிடம் காட்டிவிட்டுத்தான் கைவிரலை வைத்திருக்கும். 1956-ல் ஆக்ராவில் அம்பேத்கர் படித்தவர்களைப் பார்த்து மனம் வெதும்பிப் பேசியதை நாம் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறோம். அடுத்தவனைக் குத்திக்காட்டத்தான் சொல்கிறோம்.

பக்கத்துப் பள்ளிபாளையத்தில் விசைத்தறிக் கூலிகளின் கடனைப் பயன்படுத்திச் சிறுநீரகத்தை வாங்கி விற்ற புரோக்கர் கூட்டம் 2025 ஜூலையில் வெளியே வந்தது. நாடே பதறியது. பதற வேண்டியதுதான். ஆனால் உடம்பு விலைக்குப் போகும் முன்னால் என்னவெல்லாம் போயிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. தோடு போயிருக்கும், அண்டா போயிருக்கும், பட்டா போயிருக்கும். விற்க வீடு இல்லாதவனிடம்தான் புரோக்கர் உடம்பைக் கேட்கிறான். வீட்டைக் காப்பது உயிரைக் காப்பது.

மாணவத் தோழர்களே, உங்களிடம் கேட்பது கூட்டமும் தீர்மானமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஒரு நோட்டும். உங்கள் சொந்தக் காலனியில் தெருத்தெருவாய்ப் போங்கள். கையிலிருக்கிற செல்போனே போதும். பதிவுத்துறையின் இணையத்தில் வில்லங்க விவரத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். வருவாய்த்துறையின் இணையத்தில் பட்டாவையும் அ-பதிவேட்டையும் பார்க்கலாம். வீட்டுக்கு வீடு எழுதுங்கள். பட்டா யார் பேரில்? அவர் உயிரோடிருக்கிறாரா? செத்திருந்தால் வாரிசு பேருக்கு மாற்றியாயிற்றா? செத்தவன் பேரில் கிடக்கிற பட்டாதான் களவாணிக்கு வாகான பட்டா. அசல் யார் கையில்? கடனுக்கு யாரிடமாவது கொடுத்திருக்கிறார்களா? வெற்றுத் தாளிலோ பத்திரத் தாளிலோ கையெழுத்துப் போட்டதுண்டா? வில்லங்கத்தில் தெரியாத பெயர் வருகிறதா? பதிவு செய்யாத தாள் வில்லங்கத்தில் வராது, ஆகவே வாயைத் திறந்து கேளுங்கள். வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள், மறுவாரமும் போங்கள்.

தெரியாத பெயர் வந்தால் நாள் கடத்தாதீர்கள். மோசடிப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க, தெரிந்த நாளிலிருந்து 3 வருஷம்தான். வங்கி சுவாதீன நோட்டீஸ் ஒட்டியிருந்தால் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள்தான். இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது, பட்டியல் சாதியாருக்கு வருமான வரம்பு பார்க்காமல் வக்கீல் வைத்துத் தர வேண்டும். போலீசில் கொடுக்கிற மனுவில் "ஏமாற்றிவிட்டார்" என்று மட்டும் எழுதாதீர்கள். 3(1)(எஃப்), 3(1)(ஜி) என்று பிரிவைப் போட்டு எழுதுங்கள். பதியாவிட்டால் அந்த மனுவின் நகலோடு எஸ்.பி.யிடமும், திங்கட்கிழமை கலெக்டரிடமும் போங்கள். ஒற்றை ஆளாய்ப் போகாதீர்கள்.

ஆயாவின் 45 நாள் முடிய இன்னும் 19 நாள் இருக்கிறது. தீர்ப்பாய மனு தயாராகிறது. டி.எஸ்.பி. ஆபீசுக்குத் திரும்பவும் போகிறோம். ஜெயிப்போமா தெரியாது. நோட்டீசை ஆயா கிழிக்கவில்லை. "கிழிச்சா தப்பாப் போயிருமா சாமி?" என்று கேட்டது. கிழிக்க வேண்டாம், அது நமக்குச் சாட்சி என்றேன். அதன்மேல் ஒரு முழம் கயிறு கட்டி, துவைத்த சேலையைக் காயப்போட்டிருக்கிறது. வீடு யார் வசம் என்று அடுத்த தடவை போட்டோ பிடிக்க வருகிறவன் அந்தச் சேலையையும் சேர்த்துப் பிடிக்கட்டும்.